விண்டோஸ் மாற்றிய பிறகு கொழுந்துக் கணக்கில் எண்கள் பிசகினால் எங்கே தேடுவது?

கேள்வி இதுதான். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுவைக்காக 2020இல் சீ பிளஸ் பிளஸில் எழுதிய ஒரு சிறிய மென்பொருள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக் கணினிகளுக்கு இன்டர்நெட் கிடையாது, அதனால் அவை விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் 11 போட்டிருக்கிறார்கள். மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றவில்லை. ஆனால் மூன்று பிசகு வந்துவிட்டது. முதல் மடுவத்தில் 12.5 கிலோ நிறுத்தால் தொழிலாளர் கையில் கொடுக்கும் துண்டில் 12 என்று வருகிறது, முன்பு 13 என்று வரும். இரண்டாம் மடுவத்தில் சில நேரம் 12.5 கிலோ 0.5 கிலோவாகப் பதிவாகிறது. அலுவலக மடிக்கணினியில் மாதக் கணக்கைக் கூட்டும் சீ ஷார்ப் நிரலோ அதே 12.5ஐ 125 என்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 11 கணக்கைத் தப்பாகப் போடுகிறதா, பழைய விண்டோஸையே திரும்பப் போடவா, இல்லாவிட்டால் எல்லா எண்ணோடும் 0.01 கூட்டிச் சமாளிக்கவா என்று தம்பி கேட்டிருக்கிறார்.

0.01 கூட்டுகிற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். பழைய விண்டோஸையும் திரும்பப் போட வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒரே நாளில் வந்ததால் ஒரே காரணம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான். மூன்றையும் ஒரே மருந்தால் தீர்க்கப் போனால் ஒன்று மறையும், மற்ற இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

நிரலைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு வரிசை போடுங்கள். தராசில் நீங்கள் கண்ணால் பார்த்த எண் ஒரு பக்கம், மென்பொருள் காட்டிய எண் மறுபக்கம். தப்பாக வந்ததை மட்டும் எழுதாமல் சரியாக வந்ததையும் எழுதுங்கள். பிழை தேடும்போது பெரும்பாலானவர்கள் தப்பை மட்டும்தான் சேகரிக்கிறார்கள். எது தப்பவில்லை என்பதில்தான் பாதி விடை இருக்கும்.

அப்புறம், எண் போகிற வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தராசிலிருந்து எழுத்துகளாக வருகிறது. மென்பொருள் அந்த எழுத்துகளை எண்ணாக மாற்றுகிறது. கணக்குப் போடுகிறது. மறுபடி எழுத்தாக்கித் துண்டிலோ கோப்பிலோ எழுதுகிறது. இதில் நடுவில் இருக்கும் கூட்டல் பெருக்கலைச் செய்வது செயலி. தசம எண்களைக் கணினி கையாளும் முறைக்கு 1985இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரத்தின்படி அது செய்கிறது. விண்டோஸ் 10 ஆனாலும் 11 ஆனாலும் அந்தக் கூட்டல் அதேதான். செயலியே தப்பிய வரலாறும் உண்டு. 1994இல் இன்டெல் பென்டியத்தில் 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வருவதற்குப் பதிலாக 1.33374 வந்தது, அந்தச் செயலிகளை இன்டெல் மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அது இயங்குதளத்தை மாற்றியதால் வருகிற கோளாறு அல்ல. இயங்குதளம் கை வைப்பது எழுத்து எண்ணாகிற இடத்திலும் எண் எழுத்தாகிற இடத்திலும்தான். உங்கள் மூன்று பிசகும் அங்கேதான் இருக்கின்றன.

முதல் மடுவத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய துண்டுகளில் 12.5 என்பது 12 ஆகியிருக்கிறது. ஆனால் 13.5 என்பது 14 என்று சரியாக வந்திருக்கிறது. 14.5 மறுபடி 14. 15.5 என்பது 16. 12.6, 14.7 போன்றவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. இரட்டை எண்ணோடு அரை சேர்ந்தால் கீழே இறங்குகிறது, ஒற்றை எண்ணோடு அரை சேர்ந்தால் மேலே ஏறுகிறது. இந்த ஒழுங்கைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிடும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்கு மட்டந்தட்டும் (ரவுண்ட் செய்யும்) முறை இது. வங்கியாளர் முறை என்றும் சொல்வார்கள்.

இது எப்படித் திடீரென்று வந்தது? சீ, சீ பிளஸ் பிளஸ் நிரல்களில் எண்ணை அச்சிடும் பிரின்ட்எஃப் குடும்பத்துக் கட்டளைகள் யூனிவர்சல் சீஆர்டி என்ற நூலகத்துக்குள், அதாவது ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்புக்குள் இருக்கின்றன. அந்த நூலகம் விண்டோஸோடு சேர்ந்தே வருவது. விண்டோஸ் 10இன் 2004 பதிப்பில் (2004 என்பது பதிப்பு எண், ஆண்டு அல்ல), அதாவது 19041 பில்ட்டில், மைக்ரோசாஃப்ட் இதன் நடத்தையை மாற்றியது. அதற்கு முன் 5இல் முடியும் சரிபாதி எண் எப்போதும் மேலே போகும், ஆகவே 2.5 என்பது 3. அதற்குப் பிறகு ஐஇஇஇ 754 விதிப்படி 1.5உம் 2, 2.5உம் 2. நிரல் கட்டும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ 2019இன் 16.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில் கட்டிய நிரல்களுக்கு இது பொருந்தும். 2020இல் கட்டிய உங்கள் நிரல் அந்த வரிசையில் வருகிறது. உங்கள் கணினிகளோ 1809இலேயே நின்றிருந்தன. மற்றவர்களுக்கு 2020இலேயே வந்த மாற்றம், இன்டர்நெட் இல்லாத மடுவத்துக்கு விண்டோஸ் 11 போட்ட அன்றுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் விண்டோஸ் 11க்கு என்று தேடினால் உங்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

பழைய நூலகக் கோப்பை எடுத்து நிரலுக்குப் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். விண்டோஸ் 10இலும் 11இலும் அது வேலை செய்யாது. பக்கத்தில் எதை வைத்தாலும் கணினி தன் சிஸ்டம் கோப்புறையில் இருக்கும் நூலகத்தைத்தான் எடுக்கும்.

இந்த மாற்றம் பாதிப்பது இரும எண்முறையில் துல்லியமாக எழுதக்கூடிய எண்களை மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் நீங்கள் தப்பான எண்களை வைத்துச் சோதித்துக்கொண்டே இருப்பீர்கள். அரை, கால், அரைக்கால் ஆகியவை துல்லியமாக எழுத வரும். இரண்டு தசமத்துக்கு அச்சிடும்போது 12.125 முன்பு 12.13, இப்போது 12.12. ஆனால் 12.375 முன்பும் 12.38, இப்போதும் 12.38. 2.675ஐ எடுத்தால் கதையே வேறு. கணினிக்குள் அது 2.675 கிடையாது. 17 இலக்கத்துக்கு அச்சிட்டுப் பாருங்கள், 2.6749999999999998 என்று வரும். அது பாதிக்குக் கீழே இருப்பதால் பழைய விண்டோஸிலும் 2.67தான், புதியதிலும் 2.67தான். ஆகவே ஒரு எண் சந்தேகமாக இருந்தால் முதலில் அதை 17 இலக்கத்துக்கு அச்சிடுங்கள். பின்னால் எல்லாம் பூச்சியமாக இருந்து 5இல் நின்றால் இந்த மாற்றம் அதைத் தொட்டிருக்கலாம். 4999 என்றோ 5000க்குப் பிறகு ஏதோ ஓர் எண்ணோடோ வால் தெரிந்தால் இந்தக் காரணத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

உங்கள் தராசு அரைக் கிலோ படியில் நிறுப்பது என்பதால் அடி பலமாக விழுந்திருக்கிறது. நிறுவைகளில் ஏறத்தாழப் பாதி .5இல் முடியும், அவற்றில் ஏறத்தாழப் பாதி இரட்டை எண்ணில் நிற்கும். அப்படியென்றால் நாலு நிறுவைக்கு ஒன்று, முன்பு கிடைத்ததை விட ஒரு கிலோ குறைவாகத் துண்டில் வருகிறது. நாளுக்கு மூன்று நிறுவை, மாதம் 25 நாள் என்றால் 75 நிறுவை. துண்டில் 18, 19 கிலோ வித்தியாசம். மேலதிக கிலோவுக்குக் காசு கொடுக்கும் இடத்தில் அது ஒருவருடைய கைக்கு வர வேண்டிய பணம். கொழுந்து பறிக்கும் அம்மாமார் துண்டைப் பத்திரமாக வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் வந்து கேட்பதற்கு முன் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

இதே பிசகு மாதக் கணக்கிலும் ஒளிந்திருக்கக்கூடும், அங்கேயும் பாருங்கள். ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வைத்து, ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதத்தை முழு ரூபாவாக அச்சிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 நாள் வேலை செய்தவருக்கு 33,750 ரூபா, அதில் 3 சதவீதம் 1,012.50. முன்பு 1,013 என்று வரும், இப்போது 1,012. 21 நாள்காரருக்கு 850.50, அது 851ஆக இருந்து 850ஆகிவிடும். ஆனால் 23 நாள்காரருக்கு 931.50 என்பது இரண்டிலும் 932, 27 நாள்காரருக்கு 1,093.50 என்பது இரண்டிலும் 1,094. 22, 24, 26 நாள்காரர்களுக்குச் சதமே வராது. ஆக 21, 25 நாள்காரர்களுக்கு அச்சாகும் தொகை மட்டும் ஒரு ரூபா குறையும். ஆள் பெயரை வைத்துத் தேடினால் இது எந்த ஒழுங்கும் இல்லாத பிழையாகத் தெரியும். நாள் கணக்கை வைத்து அடுக்கினால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சரி, இதை எப்படித் திருத்துவது? அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பழைய மட்டந்தட்டலைத் திரும்பத் தரும் ஓர் ஆப்ஜெக்ட் கோப்பை மைக்ரோசாஃப்டே விஷுவல் ஸ்டுடியோவோடு கொடுக்கிறது. லெகஸி எஸ்டிடிஐஓ ஃப்ளோட் ரவுண்டிங் என்று அதன் பெயர். நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும்போது (லிங்க்) அதைச் சேர்த்தால் 12.5 மறுபடி 13 ஆகிவிடும். இந்த மாதத்துத் துண்டை ஓட்டுவதற்கு இது போதும்.

ஆனால் நிலையான திருத்தம் வேறு. அச்சிடும் கட்டளையிடம் மட்டந்தட்டும் வேலையைக் கொடுக்கவே கூடாது. எப்படி மட்டந்தட்டுவது என்பது தோட்டத்துக்கும் தொழிலாளருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம். அதை விண்டோஸின் ஏதோ ஒரு பதிப்பு தீர்மானிக்க விடுவது நியாயமில்லை. சீ பிளஸ் பிளஸில் ரவுண்ட் என்று ஒரு தனிச் சார்பு இருக்கிறது. அது சரிபாதியை எப்போதும் பூச்சியத்திலிருந்து விலகும் பக்கம்தான் தள்ளும், நேர் எண்ணில் அப்படியென்றால் மேலே. விண்டோஸ் மாறினாலும் அது மாறாது. முதலில் ரவுண்ட், பிறகு அச்சு. என்னைக் கேட்டால் இதையும் விட நல்ல வழி, நிறுவைத் துண்டில் மட்டந்தட்டவே வேண்டாம். தராசு 12.5 என்று காட்டினால் துண்டிலும் 12.5 என்று போடுங்கள். நாள் முடிவில் கூட்டிய பிறகு ஒரே ஒரு தடவை, எழுதி வைத்த விதிப்படி மட்டந்தட்டுங்கள்.

வங்கியாளர் முறையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது எல்லாப் பாதியையும் மேலே தள்ளினால் மொத்தம் வீங்கும், இந்த முறை அதைத் தடுக்கிறது. புள்ளிவிபரத்துக்கு அது சரியான முறை. ஒருவருடைய கையில் கொடுக்கும் துண்டுக்கு எது முறை என்பதைப் பேசி முடிவு செய்து, அதை நிரலில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இனி இரண்டாம் மடுவம். 12.5 என்பது 0.5 ஆகிறது, சில நேரம்தான் என்கிறீர்கள். உங்கள் பட்டியலைப் பார்த்தேன். 36.5 சரியாக வந்திருக்கிறது. 30.5 சரி. 13.5 என்பது 3.5 ஆகியிருக்கிறது. 24.5 என்பது 0.5. ஆக 1, 2, 4 ஆகிய இலக்கங்கள் காணாமல் போகின்றன, 0, 3, 5, 6 தங்குகின்றன. 7ஐயும் 8ஐயும் சோதித்துப் பாருங்கள், அவையும் காணாமல் போகும். 9 தங்கும்.

இதற்குக் காரணம், தராசு கணினியோடு பேசும் சீரியல் போர்ட்டின் பரிட்டி அமைப்பு. பரிட்டி என்பது பிழை பார்ப்பதற்காக ஒவ்வொரு எழுத்தோடும் அனுப்பும் கூடுதல் பிட். உங்கள் தராசு 7 தரவு பிட்டோடு இரட்டைப் பரிட்டியில் அனுப்புகிறது. கணினி இப்போது 8 பிட், பரிட்டி இல்லாமல் படிக்கிறது. 1 என்ற எழுத்தின் ஆஸ்கி எண், அதாவது கணினிக்குள் அந்த எழுத்தைக் குறிக்கும் எண், 49. இரும முறையில் அதில் மூன்று ஒன்றுகள் இருக்கின்றன. இரட்டையாக்க வேண்டும் என்பதற்காகத் தராசு எட்டாவது பிட்டாக இன்னொரு ஒன்றைச் சேர்க்கிறது. அதைப் பரிட்டி என்று தெரியாமல் படிக்கும் கணினிக்கு 49 என்பது 128 கூடி 177 ஆகத் தெரியும். 3இன் ஆஸ்கி எண் 51, அதில் நாலு ஒன்றுகள், ஏற்கெனவே இரட்டை, அதனால் எதுவும் சேராது, 51 ஆகவே வந்து சேரும். 1, 2, 4, 7, 8 எல்லாம் ஒற்றை எண்ணிக்கை ஒன்றுகள் உள்ளவை. 0, 3, 5, 6, 9 இரட்டை. தசமப் புள்ளியும் இரட்டைதான். உங்கள் நிரல் இலக்கமல்லாத எழுத்துகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. ஆகவே 177, 178, 46, 53 என்று நாலு பைட் வந்தால் முதல் இரண்டையும் எறிந்துவிட்டுப் புள்ளி 5 என்று மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முன்பு ஏன் சரியாக ஓடியது? யாரோ ஒருவர் 2020இல் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டுக்கு 7 பிட், இரட்டைப் பரிட்டி என்று அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் நிரல் அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. விண்டோஸ் மாறியபோது தராசைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி மாற்றிக்குப் புது டிரைவரும் புதுப் போர்ட் எண்ணும் வந்து, அமைப்பு 9600, 8 பிட், பரிட்டி இல்லை என்ற வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் மறுபடி மாற்றினால் இன்றைக்குச் சரியாகும், ஆனால் மாற்றியை வேறு துளையில் குத்தினால் திரும்ப வரும். போர்ட்டைத் திறந்த கையோடு வேகம், பிட், பரிட்டி எல்லாவற்றையும் நிரலே சொல்லி அமைக்க வேண்டும், விண்டோஸில் அதற்கு செட்காம்ஸ்டேட் என்ற சார்பு இருக்கிறது. இன்னொன்று, இதைக் கட்டாயம் செய்யுங்கள்: தெரியாத எழுத்து ஒன்று வந்தாலும் அந்த நிறுவை முழுவதையும் நிராகரித்துத் திரையில் சிவப்பாகக் காட்டுங்கள். தெரிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் நிரல் நிற்காமல் ஓடும். ஆனால் 24.5 கிலோ கொழுந்து அரைக் கிலோவாகப் பதிவாகும், யாருக்கும் தெரியாது.

அலுவலக மடிக்கணினி விஷயம் சீக்கிரம் முடியும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மடிக்கணினி என்று எழுதியிருக்கிறீர்கள். ரீஜியன் அமைப்பைத் திறந்து பாருங்கள், ஜெர்மன் என்றோ அதைப் போன்ற வேறொன்றோ இருக்கும். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. சீ ஷார்ப்பில் எழுத்தை எண்ணாக்க டபிள் பார்ஸ் என்று வெறுமனே எழுதினால் கணினியின் ரீஜியனை வைத்துத்தான் படிக்கும். ஜெர்மன் அமைப்பில் 12.5இல் உள்ள புள்ளியை ஆயிரப் புள்ளி என்று எண்ணித் தள்ளிவிட்டு 125 என்று தரும், பிழைச் செய்திகூட வராது. புள்ளியே இல்லாத 12 சரியாக வரும் என்பதால் இதுவும் சில நேரம் வரும் பிழை போலத் தெரியும். ரீஜியனை மாற்றுவதோடு நிற்காமல், கோப்பில் எழுதும்போதும் கோப்பிலிருந்து படிக்கும்போதும் எந்த நாட்டு அமைப்பையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சர் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கணினியின் ரீஜியன் மனிதர் பார்க்கும் திரைக்கு மட்டும் போதும். தமிழ் இடைமுகம் வேண்டும் என்று தமிழ் இந்தியா அமைப்பைத் தேர்ந்தாலும் கவனம் தேவை, அங்கே 1,234,567 என்பது 12,34,567 என்று பிரியும். காற்புள்ளி எந்த இடத்தில் வரும் என்று எண்ணி எழுதிய பழைய நிரல் அதில் விழும். திகதியும் அப்படித்தான்: அமெரிக்க அமைப்பில் 05/06 என்பது மே 6, நம்முடைய வழக்கில் ஜூன் 5. மாதத்தின் முதல் 12 நாள் மட்டும் கணக்கு வேறு மாதத்தில் போய் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

உங்களுடையது இந்த மூன்றுதான். ஆனால் இதே கேள்வியோடு வேறு மொழிகளில் எழுதியவர்களும் வருவார்கள், ஆகவே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

டெல்பியில் எழுதிய 32 பிட் நிரலை இந்தச் சந்தர்ப்பத்தில் 64 பிட்டுக்கு மாற்றிக் கட்டினால், எக்ஸ்டென்டட் என்ற எண் வகை 80 பிட்டிலிருந்து, டபிள் என்ற வகையின் 64 பிட்டுக்கு இறங்கிவிடும். வித்தியாசம் 16ஆவது இலக்கத்துக்குப் பக்கத்தில்தான், ஆனால் தசமத்தை வெட்டி எறியும் இடத்தில் அது பெரிதாக வெடிக்கும். டபிள் மாறியில் 0.03 இருக்கிறது, அதை 100ஆல் பெருக்கி முழு எண்ணாக வெட்டுகிறீர்கள் என்று வைப்போம். 64 பிட்டில் சரியாக 3 வரும். 80 பிட்டில் 2.9999999999999999 என்று நின்று, வெட்டினால் 2 ஆகும். கூடுதல் துல்லியம்தான் இங்கே தப்பான விடையைத் தருகிறது. வெட்டுவதற்குப் பதிலாக மட்டந்தட்டினால் இரண்டிலும் 3தான்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. உபுண்டு 18.04இலிருந்து பைதான் 2 தானாக வருவதில்லை, அதற்கான ஆதரவும் 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்தது. பழைய நிரலைப் பைதான் 3இல் ஓட்டினால் 25ஐ 2ஆல் வகுக்கும்போது முன்பு 12, இப்போது 12.5. ரவுண்ட் சார்புக்கு 12.5ஐக் கொடுத்தால் முன்பு 13, இப்போது 12. உங்கள் முதல் மடுவத்துக் கதைதான், வேறு வாசலால் வருகிறது. பணத்துக்கு அங்கே டெசிமல் தொகுதியைப் பயன்படுத்துங்கள், மட்டந்தட்டும் முறையையும் அதில் சொல்லிவிடலாம்.

சீ ஷார்ப் நிரல்கள் ஓடும் டாட்நெட் பக்கம், பழைய ஃப்ரேம்வொர்க்கிலிருந்து டாட்நெட் கோர் 3.0 அல்லது அதற்குப் பிந்தியதற்கு மாறியவர்களுக்கு 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 என்று காட்டிய இடத்தில் 0.30000000000000004 என்று காட்டும். எண் மாறவில்லை. முன்பு மறைத்துக் காட்டினார்கள், இப்போது உள்ளதைக் காட்டுகிறார்கள். இரண்டு எழுத்துச் சரங்களை ஒப்பிட்டுச் சமமா என்று பார்க்கும் நிரல்தான் இதில் மாட்டும்.

கடைசியாக, இதையெல்லாம் ஒரேயடியாகத் தவிர்க்க நிறுவையைக் கிராமிலும் பணத்தைச் சதத்திலும் முழு எண்ணாக வைப்பதுதான் நல்லது. 12.5 கிலோ என்பது 12,500 கிராம், அதில் மட்டந்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் அப்படி மாற்றும்போது 32 பிட் எண்ணில் வைக்காதீர்கள். அதன் உச்சம் 2,147,483,647. சதத்தில் வைத்தால் 2 கோடியே 14 இலட்சம் ரூபாவைத் தாண்டியதும் எதிர்மறை எண்ணுக்குப் போய்விடும். மாதம் 33,750 ரூபாப்படி 640 பேருடைய சம்பளத்தைக் கூட்டினாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். 64 பிட் விண்டோஸ் போட்டதால் சீ மொழியின் லாங் வகை 64 பிட்டாகிவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். விண்டோஸில் அது இன்றும் 32 பிட்தான், 64 பிட் லினக்ஸில்தான் அது 64. பெயரை நம்பாமல் 64 பிட் என்று வெளிப்படையாகச் சொல்லும் வகையை எடுங்கள்.

திருத்திய பிறகு சோதிப்பதற்கு ஒரு சிறிய பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: 0.5, 1.5, 2.5, 12.5, 13.5, 12.125, 12.375, 2.675, 1012.5, 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் வரும் சில நிறுவைகள், 2 கோடியே 20 இலட்சம் ரூபாக் கூட்டுத்தொகை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று கையால் எழுதி, நிரல் தொடங்கும்போதே அவற்றை ஓட்டிப் பார்க்கச் செய்யுங்கள். ஒன்று தவறினாலும் நிறுவை தொடங்கக் கூடாது. அடுத்த முறை விண்டோஸ் மாறும்போது முதல் சாக்கு தராசில் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே போன துண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். முதல் மடுவத்தில் கோப்புக்குள் இருக்கும் எண்கள் பழுதாகவில்லை. 12.5 இன்னும் 12.5ஆகத்தான் இருக்கிறது, அச்சில்தான் குறைந்திருக்கிறது. விண்டோஸ் மாற்றிய திகதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் எத்தனை கிலோ குறைந்தது என்று நிரலாலேயே எடுக்கலாம். இரண்டாம் மடுவத்தில் அப்படி முடியாது, அங்கே பதிவே தப்பு. அந்த நாட்களில் 10 கிலோவுக்குக் கீழே பதிவான நிறுவைகளையும், 1, 2, 4, 7, 8 ஆகிய இலக்கங்களே வராத நிறுவைகளையும் தனியாக எடுங்கள். கங்காணியின் கைப்புத்தகத்தோடும் அன்றைக்குத் தொழிற்சாலையில் இறங்கிய மொத்தக் கொழுந்தோடும் அவற்றை ஒத்துப் பாருங்கள். இரண்டு பட்டியலையும் பெயர், திகதி, வித்தியாசம் என்று போட்டு, சம்பள நாளுக்கு முன்பே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.